மழைநீர்த் தொட்டிக்கு வெளியே ஒரு குழாய்

பள்ளிக்குப் பசுமைக் கட்டடம் வரையும்போது மழைநீர்த் தொட்டியை மறைக்காதீர்கள். அதன் அடியில் வால்வு வைத்து, உள்ளே இருக்கும் தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயை வெளிப்பக்கமாக மேலே ஏற்றி, பக்கத்தில் லிட்டர் கோடு போடுங்கள். மேல்முனை திறந்திருந்தால் தொட்டியில் எந்த மட்டமோ குழாயிலும் அதே மட்டம்தான். சென்சார் செலவு மிச்சம். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டரில் 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர். பிள்ளைகளே கணக்குப் போட்டுக் குழாயோடு ஒப்பிடட்டும். கொஞ்சம் குறையும். எங்கே போச்சு என்று தேடுவதுதான் அசல் பாடம்! வெயிலில் குழாய்க்குள் பாசி பிடிக்கும், பார்க்காத நேரம் வெயில் படாமல் குழாயை மறைத்து வையுங்கள். நிலத்தடித் தொட்டிக்கும், தண்ணீர் உறையும் குளிருக்கும் இது சரிப்படாது.