நெல்லை வட்டாரத்தில் இளங்கலைப் பொருளியல் பட்டத்தை முழுமையாக முடிப்பதற்கான வழிகாட்டி

மூன்றாண்டுகள் கல்லூரிக்குச் சென்று பொருளியல் தாள்கள் அனைத்திலும் நல்ல மதிப்பெண் பெற்ற பின்னரும் பட்டம் கைக்கு வராமல் நிற்கும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களில் பலரைத் தடுத்து நிறுத்துவது பொருளியல் தாள் அன்று. முதலாண்டில் விட்டுப்போன ஒரு துணைப்பாடமோ, விழுமியக் கல்வி போன்று யாரும் பெரிதாக எண்ணாத நான்காம் பகுதித் தாள் ஒன்றோதான். ஆகவே பட்டத்திற்கு என்னென்ன தேவை என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டு, பருவந்தோறும் கணக்குப் பார்த்துவர வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள், 1990இல் தொடங்கப்பட்டு அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளன. இவற்றுள் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தமக்கான பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாமே நடத்துகின்றன. மற்றவை பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் பின்பற்றுகின்றன. இரண்டிலும் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகமே என்றாலும் விதிகள் நுணுக்கங்களில் வேறுபடும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் படிக்கும் அக்காள் சொன்ன விதி, பேட்டையில் படிக்கும் தம்பிக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்குரிய ஒழுங்குமுறை விதிகளையும் பாடத்திட்டத்தையும் துறையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பாடத்திட்டம் மாறினாலும், பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிகள்தான்.

படிப்பு ஆறு பருவங்களைக் கொண்டது. ஐந்து பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில்தான் முதன்மைப்பாடங்கள், துணைப்பாடங்கள், விருப்பப்பாடங்கள் வருகின்றன. நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், பணமும் வங்கியியலும், பொது நிதி, பன்னாட்டுப் பொருளியல், இந்தியப் பொருளாதாரம், பொருளியல் சிந்தனை வரலாறு ஆகியவை ஏறத்தாழ எல்லாப் பாடத்திட்டங்களிலும் இடம்பெறும். நான்காம் பகுதியில் திறன் வளர்ப்புத் தாள்கள், பிற துறைத் தாள், விழுமியக் கல்வி, சுற்றுச்சூழல் கல்வி ஆகியவை அடங்கும். இவற்றுள் சுற்றுச்சூழல் கல்வி உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் எல்லா இளங்கலை மாணவர்க்கும் கட்டாயமானது. ஐந்தாம் பகுதி நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் தேறினால் கணக்கில் சேரும் புள்ளிதான் கிரெடிட். இந்த ஐந்து பகுதிகளிலும் சேர்ந்து வரும் மொத்தக் கிரெடிட், பெரும்பாலான பாடத்திட்டங்களில் 140ஐ ஒட்டி அமைகிறது. ஒரே ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் இல்லை. இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது.

தேர்ச்சிக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஏமாறுபவர்கள் அதிகம். பரவலாக உள்ள முறைப்படி, கல்லூரியே நடத்தும் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண்ணும் பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கப்படுகின்றன. தேர்வில் 40 விழுக்காடு, அதாவது 30 மதிப்பெண் தனியாகவும், இரண்டும் சேர்ந்து 40 மதிப்பெண்ணும் எடுக்க வேண்டும். அகமதிப்பீட்டில் 22 வாங்கிய மாணவி தேர்வில் 28 எடுத்தால் கூட்டுத்தொகை 50 ஆகும். ஆனாலும் அவருக்கு அது அரியர்தான், அதாவது மறுபடி எழுத வேண்டிய தாள்தான். மாறாக, தேர்வில் சரியாக 30 எடுத்தவர் அகமதிப்பீட்டில் 8 மட்டுமே வைத்திருந்தால் அவரும் தேறுவதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குச் சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்று அளித்து, கட்டணமும் செலுத்தி விலக்குக் கோரலாம். மிகவும் குறைந்தால் அந்தப் பருவத் தேர்வையே எழுத இயலாது. அறுவடைக் காலத்திலும் கோயில் கொடை நாட்களிலும் தொடர்ந்து விடுப்பு எடுப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இந்தப் படிப்பில் உண்மையான தடை புள்ளியியலும் கணிதமும்தான் என்பது என் உறுதியான கருத்து. மேல்நிலையில் வரலாறு அல்லது வணிகவியல் பிரிவில் படித்து, பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டுவிட்டவர்களே இப்படிப்புக்குப் பெரும்பாலும் வருகிறார்கள். சராசரி, இடைநிலை, திட்டவிலக்கம் வரை சமாளிப்பவர்கள் ஒட்டுறவுக் கெழு, குறியீட்டெண், வகையீடு என்று வந்ததும் தளர்ந்துபோகிறார்கள். இவற்றை விடைகளாக மனப்பாடம் செய்வது பயன் தராது. ஒரு கணக்கை வகுப்பில் பார்த்த அன்றே, எண்களை மாற்றி, புத்தகத்தை மூடிவைத்துத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். நயினார்குளம் சந்தையில் தக்காளியின் விலையை வாரந்தோறும் குறித்து, அதற்குச் சராசரியும் திட்டவிலக்கமும் கண்டுபாருங்கள். விலை எவ்வளவு அலைகிறது என்பது திட்டவிலக்கம் என்ற அந்த ஒற்றை எண்ணில் தெரியும்போது, சூத்திரம் எதற்காக இருக்கிறது என்பதும் விளங்கும். முதலாண்டில் புள்ளியியல் அல்லது கணிதத் தாளில் அரியர் விழுந்தால் அடுத்து வரும் தேர்விலேயே எழுதி முடித்துவிடுங்கள். ஐந்தாம் பருவத்துச் சுமையோடு அதைச் சேர்த்துச் சுமப்பது மிகக் கடினம்.

இறுதியாண்டில் ஆய்வுத்திட்டம் வைத்திருக்கும் கல்லூரிகளில் படிப்பவர்கள், தயவுசெய்து கடையில் அச்சடித்துத் தரும் பழைய அறிக்கையை வாங்கி ஒப்படைக்காதீர்கள். பொருளியல் மாணவருக்கு நம் வட்டாரத்தைப் போல வாய்ப்பான களம் அமைவது அரிது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு பருவச் சாகுபடிச் செலவுகளை ஒப்பிடலாம். முக்கூடல் பக்கத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்களின் கூலியையும் கடனையும் ஆராயலாம். பத்தமடைப் பாய் நெசவில் கோரைக்கும் உழைப்புக்கும் ஆகும் செலவைக் கணக்கிடலாம். தலைப்பை ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு கேள்வி என்ற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். வினாக்களை எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வருவதைவிட, நீங்களே அருகில் அமர்ந்து கேட்டு நிரப்புவது சிறந்தது. பீடி சுற்றும் பெண்மணியிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் தோராயமான விடைதான் கிடைக்கும். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூலி, ஒரு நாளில் எத்தனை சுற்றுவீர்கள், எத்தனை கழிக்கப்படுகின்றன, இலை போதாதபோது கைப்பணத்தில் வாங்குகிறீர்களா என்று தனித்தனியே கேட்டால் உண்மையான வருமானத்தை நீங்களே கணக்கிட முடியும். பதில் சொல்பவர்களின் பெயரை அறிக்கையில் வெளியிடக் கூடாது.

எல்லாத் தாள்களிலும் தேறியபின் மதிப்பெண் பட்டியல்களையும் தற்காலிகச் சான்றிதழையும் வாங்கி, பெயரின் எழுத்துகளும் பிறந்த நாளும் பள்ளிச் சான்றிதழோடு பொருந்துகின்றனவா என்று அப்போதே சரிபாருங்கள். பின்னாளில் திருத்துவதற்கு அலைச்சல் மிகுதி. பட்டச் சான்றிதழுக்கு உரிய காலத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள், அதற்கான சான்றைக் கல்லூரியிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது; பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பட்டப்படிப்போடு பள்ளிப்படிப்பும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும் என்பதால், படித்த பள்ளிகளிலிருந்தும் அதே சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத விரும்புவோருக்கு இளங்கலை மட்டும் போதாது, பொருளியலில் முதுகலை வேண்டும்; அவர்கள் மூன்றாமாண்டின் தொடக்கத்திலேயே முதுகலை நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்ப நாட்களைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.