வடசென்னை 11 கேவி ஃபீடரில் கேபிள் ஃபால்ட் ஆனால் லோடை எங்கே தள்ளுவது: முன்கூட்டியே கணக்குப் போடும் முறை

அத்திப்பட்டில் 600 மெகாவாட் யூனிட் இரண்டும் முழு வேகத்தில் ஓடினாலும், காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு ஃபேன் சுற்றுவது ரோட்டுக்கு அடியில் போகும் 300 சதுர மில்லிமீட்டர் அலுமினிய கேபிளின் தயவில்தான். அது பஞ்சரானால் (இன்சுலேஷன் போய் ஃபால்ட் ஆனால்) எந்த ஆர்எம்யூவை (ரிங் மெயின் யூனிட், கேபிள்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஸ்விட்ச் பெட்டி) எந்தப் பக்கம் மாற்றலாம் என்பதை ராத்திரி பதினொரு மணிக்கு ரோட்டில் நின்று யோசிக்கக் கூடாது. வெயில் காலத்துக்கு முன்பே கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஃபீடருக்கும் (சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஒரு 11 கேவி பாதைக்கு) ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் தேவையில்லை, எக்ஸெல் போதும். கீழே உள்ள ஃபீடர் உதாரணத்துக்காக அமைத்தது. உங்கள் எண்களைப் போட்டால் அதே முறை ஓடும்.

ஃபீடரின் அமைப்பு இது. 33/11 கேவி சப்ஸ்டேஷனிலிருந்து (எஸ்எஸ்) ஆர்எம்யூ 1 வரை 1.2 கிலோமீட்டர், அங்கிருந்து ஆர்எம்யூ 2 வரை 0.8, பிறகு ஆர்எம்யூ 3 வரை 1.0. ஆர்எம்யூ 3-இல் பக்கத்து ஃபீடருக்கு ஒரு டை, அதாவது இணைப்பு ஸ்விட்ச், உண்டு. ஆர்எம்யூ 2-இல் மூன்றாவது ஃபீடருக்கு இன்னொரு டை. சாதாரண நாளில் இரண்டும் ஓப்பன்.

முதல் வேலை, லோடைப் பிரித்துப் போடுவது. கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான். எஸ்எஸ் லாக் ஷீட்டில் மணிக்கு மணி ஆம்பியர் இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான உச்சத்தை எடுங்கள். மதியத்தை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், குடியிருப்பு ஃபீடரில் ஏசி ஓடும் ராத்திரியில்தான் உச்சம் வரும். நம் ஃபீடரின் உச்சம் 184 ஆம்பியர், அதாவது சுமார் 3500 கேவிஏ. இதில் ஹெச்டி நுகர்வோரின் (11 கேவியிலேயே மின்சாரம் வாங்கும் பெரிய நுகர்வோரின்) லோடை மீட்டரில் பார்த்து முதலில் கழித்துவிடுங்கள். ஆர்எம்யூ 1-இல் 400, ஆர்எம்யூ 3-இல் 400, ஆக 800 கேவிஏ. மீதி 2700. கிளைகளையும் சேர்த்து 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்பது, மொத்தம் 4500 கேவிஏ. விகிதம் 0.6. ஆர்எம்யூ 1-இல் இரண்டு, 2-இல் ஐந்து, 3-இல் இரண்டு என்றால் லோடு முறையே 1000, 1500, 1000 கேவிஏ. ஹெச்டியைக் கழிக்காமல் எல்லாவற்றையும் டிரான்ஸ்ஃபார்மர் கொள்ளளவுப்படி பரப்பினால், ஒரு கம்பெனியின் லோடு மூன்று தெரு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது கேபிள். 11 கேவி, மூன்று கோர், 300 சதுர மில்லிமீட்டர் எக்ஸ்எல்பிஇ அலுமினியத்துக்கு, சூடான நிலையில், கிலோமீட்டருக்கு ஆர் (ரெசிஸ்டன்ஸ்) 0.13 ஓம், எக்ஸ் (ரியாக்டன்ஸ்) 0.10 ஓம் என்று எடுக்கலாம். கேட்லாக்கின் முதல் பக்கத்தில் இருக்கும் 0.100 ஓம் 20 டிகிரி டிசி மதிப்பு. அதைப் போட்டால் லாஸ் கால் பங்கு குறைவாக வரும். கேபிளின் சார்ஜிங் கரண்ட் கிலோமீட்டருக்கு 0.8 ஆம்பியர்தான், இவ்வளவு குட்டி ஃபீடரில் விட்டுவிடலாம். நீளத்தில் மட்டும் உஷார். மெட்ரோ, மழைநீர் வடிகால் வேலைகளுக்காகக் கேபிளை ஒதுக்கிப் போட்டிருந்தால், பழைய வரைபடத்து நீளம் பொய் சொல்லும்.

இனி லோடு ஃப்ளோ, அதாவது எந்தத் துண்டில் எவ்வளவு கரண்ட், எந்த முனையில் எவ்வளவு வோல்டேஜ் என்ற கணக்கு. டிரான்ஸ்மிஷன் கிரிட்டுக்கு நியூட்டன்-ராப்சன் என்ற முறை. வாலாக நீளும் ஃபீடருக்கு முன்-பின் ஸ்வீப் எளிது. எல்லா முனையிலும் 6351 வோல்ட் என்று ஆரம்பியுங்கள், அது 11,000-ஐ ரூட் மூன்றால் வகுத்தது. ஒவ்வொரு முனையின் கேவிஏவில் மூன்றில் ஒரு பங்கை வோல்டேஜால் வகுத்து, இணைக் கலப்பெண் எடுத்தால் அந்த முனையின் கரண்ட். வாலிலிருந்து தலை வரை கரண்டுகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு தலையிலிருந்து வால் வரை கரண்ட் பெருக்கல் இம்பீடன்ஸைக் கழித்துக்கொண்டே போனால் புது வோல்டேஜ் கிடைக்கும். அதை வைத்து மறுபடி. எக்ஸெல்லில் கலப்பெண் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. மூன்று நான்கு சுற்றில் நான்காம் தசமம் வரை அசையாமல் நின்றுவிடும். நிற்காமல் எகிறினால் கிலோவாட், மெகாவாட் கலந்திருக்கும். ஃபேஸ் வோல்டேஜ் வரவேண்டிய இடத்தில் லைன் வோல்டேஜ் வந்திருந்தால் எகிறாது, விடை மட்டும் தப்பாக வரும். வால் முனையில் வோல்டேஜ் இறக்கம் இருக்க வேண்டியதில் பாதிக்கும் குறைவாக வந்தால், கியூவின் (ரியாக்டிவ் பவரின்) குறி தலைகீழ்.

பவர் ஃபாக்டர் 0.9-க்கு நம் ஃபீடரில் மூன்று துண்டிலும் லைன் வோல்டேஜ் இறக்கம் 61, 29, 15 வோல்ட். ஆக மொத்தம் 105, ஒரு சதவீதம்கூட இல்லை. ஹெச்டி வரம்பு +6, -9 சதவீதம். லாஸ் 22 கிலோவாட், லோடில் 0.7 சதவீதம். ஊரக ஃபீடரில் வோல்டேஜைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டதும் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று கோப்பை மூடிவிடுவார்கள். நகரத்துக் குட்டி கேபிளில் வோல்டேஜ் கழுத்தைப் பிடிக்காது, கரண்ட்தான் பிடிக்கும். அதுவும் பேக் ஃபீட் கொடுக்கும்போது, அதாவது வேறு ஃபீடரிலிருந்து சப்ளை கொடுக்கும்போது.

அதனால் கேபிள் தாங்கும் கரண்டை ஒழுங்காக எடுங்கள். கேட்லாக்கில் சுமார் 350 ஆம்பியர் இருக்கும். அது மண் 30 டிகிரியில் இருக்கிறது, கேபிள் தனியாகப் போகிறது என்ற கணக்கு. ஒரே குழியில் இரண்டு கேபிள் ஒட்டிப் போனால் 0.8-ஆல் பெருக்குங்கள், 280 ஆம்பியர். திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கடல் மணல் காய்ந்து கிடந்தால் சூட்டை வெளியே விடாது, அங்கே இன்னும் குறைக்க வேண்டும். உச்ச லோடு வருவதும் மணல் காய்வதும் ஒரே மாதங்களில் என்பது நம் தலையெழுத்து.

இப்போது எஸ்எஸ்ஸுக்கும் ஆர்எம்யூ 1-க்கும் நடுவில் பஞ்சர் என்று வையுங்கள். அந்தத் துண்டை இரண்டு முனையிலும் கழற்றியாகிவிட்டது. பக்கத்து ஃபீடரில் ஏற்கெனவே 140 ஆம்பியர். மொத்தத்தையும் அதன்மேல் ஏற்றினால் 324. கேபிளும் தாங்காது, ரிலேயும் (கரண்ட் மிஞ்சினால் பிரேக்கரைத் திறக்கும் காவல் கருவி) விடாது: ரிலே 300 ஆம்பியரில் செட் ஆகியிருந்து டைம் மல்டிப்ளையர் (தாமதத்தின் அளவு) 0.1 என்றால், ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் (கரண்ட் ஏற ஏற நேரம் குறையும்) வளைவின்படி 9 வினாடி சுமாருக்கு டிரிப். பிக்கப்புக்கு (ரிலே செட் ஆன கரண்டுக்கு) இவ்வளவு அருகில் ரிலே விழும் விழாது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, அது இன்னும் மோசம். கேபிள் பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும்.

பிரித்துப் பாருங்கள். ஆர்எம்யூ 2-க்கும் 3-க்கும் நடுவில் ஓப்பன் செய்து, 3-ஐ மட்டும் பக்கத்து ஃபீடரில் சேர்த்தால் 140-உடன் 52, ஆக 192. ஆர்எம்யூ 1, 2 இரண்டின் 131 ஆம்பியரை, 110 ஓடும் மூன்றாவது ஃபீடரில் சேர்த்தால் 241. இரண்டுமே 280-க்குள். தாளில் முடிந்துவிட்டது, ஆனால் நிஜத்தில் இன்னும் ஒன்று பாக்கி. ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த தெருவுக்குச் சப்ளை வந்ததும் ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இந்தக் கோல்ட் லோடுக்கு 1.5 மடங்கு வையுங்கள். 131 இப்போது 197, மூன்றாவது ஃபீடரில் 307. டிரிப் ஆகலாம். பிரேக்கரைப் போட்டவர் 'ஃபால்ட் இன்னும் இருக்கு' என்று நினைத்து நல்ல கேபிளைச் சோதிக்க ஓடுவார்.

எனவே வரிசையாக ஏற்ற வேண்டும். முதலில் ஆர்எம்யூ 2 மட்டும்: 110-உடன் 118, ஆக 228. அரை மணி கழித்து அது 79-க்கு இறங்கியபின், அங்கிருந்து ஆர்எம்யூ 1-ஐ ஏற்றினால் 268. ஆர்எம்யூ 3 தனி வழியில் 219. தாளில் எழுத வேண்டியது இந்த வரிசையும் ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டிய ஆம்பியரும்தான்.

ஆர்எம்யூ 2-3 ஸ்விட்சை முதலில் ஓப்பன் செய்துவிட்டுத்தான் இரண்டாவது டையைப் போட வேண்டும். மறந்தால் இரண்டு ஃபீடர்கள் பேரலல் ஆகும். வேறுவேறு டிரான்ஸ்ஃபார்மர், வேறு டாப் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் நிலை) என்றால் சுற்று கரண்ட் ஓடும். ஃபால்ட் லெவலும், அதாவது ஷார்ட் ஆனால் பாயும் கரண்டும், ஏறும். 10 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 11 கேவியில் தருவது, மேல்பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், 8.4 கிலோ ஆம்பியர். இரண்டு சேர்ந்தால் எஸ்எஸ் அருகில் அது இன்னும் கூடும், நடுவில் கேபிள் இருப்பதால் முழு இரட்டிப்பு மட்டும் ஆகாது. ஆர்எம்யூவின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஒப்பிடுங்கள். ஸ்வீப் முறையும் இப்படி மூடிய வளையத்துக்கு நேரடியாக ஓடாது.

பல ஃபீடர்களை ஒன்றாகப் பார்க்க பைத்தானில் பாண்டாபவர் என்ற இலவச லைப்ரரி உண்டு. அதில் லோடு மெகாவாட்டில், கேபிளின் கரண்ட் வரம்பு கிலோ ஆம்பியரில். 0.28 என்பதற்குப் பதில் 280 போட்டால் எல்லாக் கேபிளும் காலியாகத் தெரியும், ஒரு எச்சரிக்கையும் வராது. முதலில் இந்த மூன்று முனை உதாரணத்தை அதில் ஓட்டி 61, 29, 15 வருகிறதா என்று பாருங்கள்.

தாள் கையில் இருந்தாலும் எல்சி (லைன் கிளியர் என்ற அனுமதி) வாங்காமல் யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தாலோ, ரிலே செட்டிங் மாறினாலோ, டையை இடம் மாற்றினாலோ தாளைக் கிழித்துப் புதிதாகப் போடுங்கள். தேதியைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.