எலும்புப்புரை: முறிவதற்கு முன் செய்ய வேண்டியவை

முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனால் "எலும்பு தேஞ்சிருக்கு" என்பார்கள். அது மூட்டுத் தேய்மானம். எலும்பே உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து பலமிழக்கும் எலும்புப்புரை வேறு நோய். அது வலிக்காது, மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ முறியும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். ரத்தத்தில் கால்சியம் சரியாக இருப்பதை நம்பியும் இருந்துவிடாதீர்கள். சாப்பாட்டில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தின் அளவைச் சரிக்கட்டிவிடும். மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு இழப்பு மிக வேகம். அதனால் எலும்பைக் காக்கும் வேலையை 45 வயதிலேயே தொடங்குங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200. நம் அடுப்படியிலேயே கணக்குப் போடலாம். ஒரு டம்ளர் பாலில் (200 மி.லி.) சுமார் 240, ஒரு கிண்ணம் தயிரில் ஏறக்குறைய அதே அளவு, 50 கிராம் கேழ்வரகு மாவில் 175, தோல் நீக்காத எள் ஒரு மேசைக்கரண்டியில் 100க்கு மேல், ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரையில் 150. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது. பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம், கருவாடு அதிகமானால் உப்போடு சேர்ந்து கால்சியமும் சிறுநீரில் போகும்.

உணவில் போதாத அளவுக்கு மட்டும் மாத்திரை. அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றிருந்தால் உடம்புக்கான கால்சியம் அதில் 500தான். ஒரு வேளைக்கு அதற்கு மேல் போட்டால் உறிஞ்சப்படும் விகிதம் குறையும். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வைட்டமின் டி-க்குக் காலை இளவெயில் போதாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயிலே பயன் தரும். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் பலனில்லை. டாக்டர் 60,000 யூனிட் எழுதினால் அது வழக்கமாக வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். தினமும் போட்டுக்கொள்வதும், மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் நீட்டிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் வரும், சிறுநீரகமும் பழுதாகலாம்.

நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் அது மட்டும் எலும்புக்குப் போதாது. தசை இழுக்கும் இழுப்பில்தான் எலும்பு உறுதிப்படும். கை வைக்காத நாற்காலி ஒன்றை முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, கைகளை மார்பில் குறுக்காக வைத்து எழுந்திருங்கள். மூன்று எண்ணியபடி மெல்ல உட்காருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பலரும் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த இடி நேராக முதுகெலும்பில் இறங்கும். 10 தடவை, 2 சுற்று, வாரம் 3 நாள். சுலபமானதும் கைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை 15 முறை தூக்கி இறக்குவதும், ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பதும் கூடவே செய்யலாம். எலும்புப்புரை இருப்பது உறுதியானவர்கள் குனிந்து கால்விரலைத் தொடவே கூடாது. குனிந்தபடி குடத்தைத் தூக்குவதும் வேண்டாம், முன்பக்கம் அழுந்தி முதுகெலும்பு நொறுங்கலாம்.

இடுப்பு முறிவதற்குப் பெரும்பாலும் காரணம் விழுவதுதான். குளியலறைச் சுவரில் பிடிமானக் கம்பியை போல்ட் போட்டுப் பதியுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வரும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை போடுபவர்கள் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

பெண்கள் 65 வயதில் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். 45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்கள், லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள், உயரம் 4 செ.மீ. குறைந்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஸ்கேன் முடிவில் வரும் அடர்த்தி எண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் கருவியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

எலும்புப்புரைக்கு டாக்டர் எழுதும் மருந்துகளில், வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காபிகூடக் குடிக்காமல் இருங்கள். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போடவோ தானாக நிறுத்தவோ கூடாது. நிறுத்தினால் சேர்ந்த எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பில் அடுத்தடுத்து முறிவு வரலாம். அடுத்த தவணைத் தேதியை ஊசி போட்ட அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.