பெரிய சைக்கிள், பெரிய கியர், சின்ன முழங்கால்: பிள்ளைகளின் சைக்கிள் கிளப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பக்கம் போனால் ரேஸ் சைக்கிள்களில் பெரியவர்கள் கும்பல் கும்பலாகப் போவதைப் பார்க்கலாம். அந்தக் கும்பலின் வாலில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளும் மூச்சு வாங்க ஒட்டிக்கொண்டு போவார்கள். அப்பா ஓட்டுகிறார், பிள்ளையும் கூட வருகிறது. இப்படி நாலு அப்பாக்கள் சேர்ந்தால் ஒரு கிளப். எங்கள் கிளப்பும் அப்படித்தான் ஆரம்பித்தது. சில வருடங்களாக அதில் வாரம் இரண்டு நாள் விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதி நானே செய்தவை.

முதல் தவறு சைக்கிள் கடையிலேயே நடந்துவிடும். ‘வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுப்போம்.’ பள்ளிச் சீருடைக்கு இது சரி, மடித்துத் தைத்துக்கொள்ளலாம். சைக்கிளை எங்கே மடித்துத் தைப்பது? நம்மில் பலர் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள்தான். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய் வருவது வேறு, குனிந்து பிடித்தபடி ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டுவது வேறு. ஃபிரேம் பெரிதானால் பிள்ளை கையை நீட்டி ஹேண்டில்பாரை எட்ட வேண்டியிருக்கும், பிரேக்குக்கு விரல் எட்டாது. அதைவிட யாரும் கவனிக்காதது கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கையின், நீளம். பெரியவர்களின் சைக்கிளில் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் இருக்கும். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை அதை மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். 150 மில்லிமீட்டர் கிராங்க் தேடினால் கிடைக்கும், மாற்றிக் கொடுங்கள்.

அதற்காக வருடத்துக்கு ஒரு சைக்கிள் வாங்க யாரால் முடியும்? இங்கேதான் கிளப்புக்கு வேலை. வளர்ந்த பிள்ளையின் சைக்கிளை அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றிவிடும் வழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திவிடுங்கள். எங்களிடம் உள்ள ஒரு சிவப்பு ஃபிரேமின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய நாலு பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாவது ஆள் இப்போது ஓட்டுகிறாள்.

சீட்டின் உயரத்தையும் ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். கிடுகிடுவென்று வளர்கிற வயதில் (பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12, பையன்களுக்குச் சுமார் 14) இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பெடல் நேர் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. அந்த வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், ‘வளருற வலிதான், ஓட்டு’ என்று சொல்லாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள்.

அப்புறம் கியர். பெரியவர்களின் கும்பலோடு ஓடும் பிள்ளைக்கு வேகம் வேண்டும். காலைச் சுழற்றும் பழக்கம் இன்னும் வரவில்லை, அதனால் பெரிய கியரைப் போட்டு உடம்பை ஆட்டி ஆட்டி மிதிக்கும். பார்க்கிற நமக்கோ ‘பயலுக்கு என்ன பலம்!’ என்று தோன்றும். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையில் கோடு போட்டு, பெடலை நேர் கீழே வைத்து சைக்கிளைக் கோட்டில் நிறுத்துங்கள். அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போனால் பெடலும் பின்னோக்கிச் சுற்றி மறுபடி நேர் கீழே வரும். அங்கே இன்னொரு கோடு. முன் பல்சக்கரத்தில் 50 பல், பின் பல்சக்கரத்தில் 11 பல் என்றால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் இருக்கும். பின்னால் 17 பல்லுக்கு மாற்றினால் ஆறு மீட்டர் சொச்சம். ஒரே மிதியில் ஒன்பதரை மீட்டர் தள்ளச் சொல்லித்தான் அந்த முழங்காலைப் போட்டு வதைக்கிறோம்.

சர்வதேச சாலைப் பந்தயங்களில் 17, 18 வயது ஜூனியர்களுக்குக்கூட வெகுகாலம் பெடலின் ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டர்தான் உச்ச வரம்பாக இருந்தது. 2023 முதல் அதை எடுத்துவிட்டார்கள். ‘அவங்களே எடுத்துட்டாங்களே’ என்று பதிமூன்று வயதுப் பையனின் அப்பா என்னிடம் வாதாடினார். எடுத்தது பதினேழு வயதுக்காரனுக்கு சார், உங்கள் பையனுக்கு அல்ல. பின் டெரெய்லரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) உள்ள குட்டி ஸ்க்ரூவைத் திருகினால் கடைசியில் உள்ள மிகச் சிறிய ஒன்றிரண்டு பல்சக்கரங்களுக்குச் செயின் போகாமல் தடுக்கலாம். மீதியை எண்ணிக்கையால் பழக்குங்கள்: வலது முழங்கால் பதினைந்து நொடியில் எத்தனை தடவை மேலே வருகிறது? இருபத்திரண்டு, இருபத்து மூன்று வந்தால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சுற்று. பதினைந்துக்குக் கீழே என்றால் கியரைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி என் மனதை இன்னும் உறுத்துகிற தவறு. ஆரம்பித்த மூன்றாவது வாரமே எட்டுப் பிள்ளைகளைச் சாலைக்கு அழைத்துப் போனேன். எல்லோருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும், ஹெல்மெட் இருக்கிறது, வேறென்ன? ஒரு நாய் குறுக்கே ஓடியது. முதலில் போன பையன் பிரேக் பிடித்தான். பின்னால் வந்தவர்களின் முன்சக்கரம், அவரவருக்கு முன்னால் போனவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்திருந்தது. முன்னால் இருப்பவர் கொஞ்சம் விலகினாலே போதும், சக்கரம் உரசி விழுவது எப்போதும் பின்னால் வருகிறவர்தான். நாலு பேர் விழுந்தார்கள், ஒரு பையனுக்குக் காறையெலும்பு முறிந்தது. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு புதிதாக வருகிற யாரும் இரண்டு மாதம் மைதானத்தை விட்டு வெளியே போவதில்லை. பொங்கல் விளையாட்டுகளில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்களே, கடைசியாக வருகிறவர் ஜெயிப்பார், கால் ஊன்றினால் அவுட், அதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. சமநிலை, பிரேக்கை அளவாகப் பிடிப்பது, ஹேண்டில்பாரைச் சிறிது சிறிதாகத் திருப்புவது எல்லாம் அதில் இருக்கிறது. ஓடிக்கொண்டே தரையிலிருந்து பாட்டிலைக் குனிந்து எடுப்பது, நேர்க்கோடு பிசகாமல் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து அங்கே நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சொல்வது, இரண்டு பேர் முழங்கை உரசிக்கொண்டே ஓட்டுவது. புல்தரையில் செய்தால் விழுந்தாலும் சிராய்ப்போடு போகும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பெற்றோருக்குத்தான் ‘இன்னைக்கு எத்தனை கிலோமீட்டர்?’ என்ற கவலை. கிலோமீட்டர் பைத்தியம் முற்றினால் பிள்ளையின் கையில், மிதிக்கும் பலத்தை அளக்கும் வாட்ஸ் மீட்டரும் வந்துவிடும். அதைப் பதினாறு வயது வரை கடையிலேயே விட்டுவையுங்கள்.

பன்னிரண்டு வயதில் ஜெயிப்பவனைப் பார்த்து மயங்குவது எல்லாக் கிளப்புக்கும் வரும் நோய். வயதுப் பிரிவைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், அதனால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே கோட்டில் நிற்பார்கள். எங்களிடம் ஒருவன் பதிமூன்றிலேயே மீசை அரும்பி, தோள் அகன்று நின்றான். இரண்டு வருடம் அவனை யாராலும் தொட முடியவில்லை, நாங்களும் நல்ல சைக்கிளையும் நேரத்தையும் அவனுக்கே கொட்டினோம். பதினாறில் மற்றவர்களும் வளர்ந்துவிட்டார்கள். வளைவில் திரும்பவோ, இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு பலத்தைச் சேமிக்கவோ அவனுக்குத் தேவையே வந்ததில்லை, அதனால் கற்றுக்கொள்ளவும் இல்லை. நாலாவது, ஐந்தாவது வர ஆரம்பித்ததும் நின்றுவிட்டான். இதில் அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் மைண்டி ஃபிளையர்ஸ் என்று பிள்ளைகளுக்கான கிளப் ஒன்று இருக்கிறது. 1958 காமன்வெல்த் போட்டிகளுக்குப் பயன்பட்ட பழைய திறந்தவெளி சைக்கிள் டிராக்தான் வெகுகாலம் அவர்களின் மைதானம். 2018இல் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயித்த ஜெரைண்ட் தாமஸ் சிறுவனாக அங்கே சேர்ந்தவர். அந்தப் பந்தயத்தில் அவருடைய அணியில் ஓடிய லூக் ரோவும் அங்கே வளர்ந்தவர்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டீம் பர்சூட்டில் (நாலு பேர் அணியாக டிராக்கில் ஓட்டும் பந்தயம்) தங்கம் வாங்கிய எலினார் பார்க்கர், ஓவைன் டூல் இருவரும் அதே கிளப். ஒரு பேட்டைக் கிளப்பிலிருந்து இத்தனை பேர். நிறையப் பிள்ளைகள் வந்து, நிறைய வருடம் தங்கினால்தான் இப்படி நடக்கும் என்று நினைக்கிறேன். பத்து வயதில் ஆளைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களை அனுப்பிவிட்டால், பதினெட்டில் யார் முளைப்பார் என்று பார்க்க ஆளே மிஞ்சாது.

தங்கவைக்க வேண்டுமென்றால் அளவு தெரிய வேண்டும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு: வயது எத்தனையோ, வாரத்துக்கு அதற்கு மேற்பட்ட மணி நேரப் பயிற்சி வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. பிள்ளை மற்ற நாளில் கால்பந்தோ கபடியோ ஆடினால் ஆடட்டும், நீச்சல் போனால் இன்னும் நல்லது. சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. வாழைப்பழம், கடலை மிட்டாய், தண்ணீர், திரும்பி வந்ததும் வயிறு நிறைய இட்லி. ‘எடை குறைச்சா மேட்டுல ஏறலாம்’ என்ற பேச்சு மட்டும் பதினாலு வயதுக்காரர்கள் காதில் விழவே கூடாது. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் பலன் என்று யாராவது சொல்வார்கள்; நம்பாதீர்கள், போதுமான அளவு சாப்பிடவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கக்கூடும். டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

பெண் பிள்ளைகள் பதிமூன்று வயதில் காணாமல் போவதை ‘ஆர்வம் குறைஞ்சிடுச்சு’ என்று எழுதிவிடுகிறோம். நின்றுபோன ஒருத்தியின் அம்மாவிடம் விசாரித்தேன். போகும் வழியில் கழிப்பறை இல்லை, இருட்டில் தனியாக வர வேண்டும், கூட ஓட்ட இன்னொரு பெண் இல்லை. மூன்றும் எங்கள் ஏற்பாட்டின் கோளாறு. இப்போது கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்கில்தான் நிற்கிறோம், ஒரு அக்கா கூட வருகிறார், பெண்களைச் சேர்க்கும்போது மூன்று பேராகச் சேர்க்கிறோம்.

கடைசியாக ஒன்று. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் கிடைக்கும் விலையில்லா மிதிவண்டியை ஓட்டிக்கொண்டு அவ்வப்போது யாராவது வந்து நிற்பார்கள். ‘பதினாறு வயசாயிடுச்சே தம்பி’ என்று திருப்பி அனுப்பிய கிளப்புகளை எனக்குத் தெரியும். ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச் இருபது வயது தாண்டும் வரை பனிச்சறுக்குத் தாண்டுதல் வீரராக இருந்தவர். அதற்குப் பிறகு சைக்கிளுக்கு வந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் டைம் டிரையலில், அதாவது கடிகாரத்தோடு தனியாக ஓட்டும் பந்தயத்தில், தங்கம் வாங்கினார். வந்த பிள்ளையின் கூடையையும் கேரியரையும் கழற்றுங்கள், பிரேக் கட்டையை மாற்றுங்கள், டயரில் காற்று அடியுங்கள். முதல் நாள் ஸ்லோ ரேஸில் இறக்கிவிடுங்கள். அந்தக் கனமான சைக்கிளை வைத்துக்கொண்டே எங்கள் பழைய பிள்ளைகளில் பாதிப் பேரைத் தோற்கடித்துவிடுவார்கள்.