வீசிங், அலர்ஜி மருந்துகள்: வார்டுக்குப் புதிதாக வரும் நர்சுகளுக்கு

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் திருவாரூர் பக்கத்து ஆஸ்பத்திரிகளில், மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் ஓய்வதே இல்லை. அறுப்பு மெஷின் கிளப்பும் தூசி, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் கருக்கா, அதோடு விடிகாலைப் பனி. தை பிறந்ததும் இழுப்போடு வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். படித்து முடித்து முதல் ட்யூட்டிக்கு வரும் தங்கைகளும் தம்பிகளும் மருந்துப் பெயர்களை நன்றாகவே சொல்கிறார்கள். கையில் கொடுத்தால்தான் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூச்சு மருந்துகளில் டாக்டர் எழுதுவது பாதி. அது நுரையீரலுக்குள் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

படி 1: மருந்தை எடுக்கும் முன் ஆளைப் பாருங்கள்

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், ஊர் கேளுங்கள். முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். விசில் சத்தம் கேட்டால் வீசிங். கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்று ஆள் சோர்ந்து போனால் அது நல்ல அறிகுறி இல்லை, காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்பனலால் மாத்திரையும், கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் வீசிங்கைக் கிளப்பிவிடும். சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. வயலில் மருந்து அடித்துவிட்டு வந்தவர் இழுப்போடு எச்சில் ஒழுக, வியர்த்து, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கிக் கிடந்தால் அது ஆஸ்துமா ஆக இருக்காது, பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். அதற்கு அட்ரோபின் வேண்டும். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

படி 2: மருந்துகளை இரண்டாகப் பிரியுங்கள்

வீசிங்கில் மூன்று காரியம் நடக்கிறது. மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. தசையைத் தளர்த்துபவை ரிலீவர்கள். சால்புட்டமால் சுமார் 5 நிமிடத்தில் வேலை தொடங்கி 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். இப்ராட்ரோப்பியம் கொஞ்சம் மெதுவாகத் தொடங்கும், சால்புட்டமாலோடு சேர்ந்தால் நன்றாக உதவும். டுவோலின் என்று நாம் உடைக்கும் ரெஸ்பியூலில் (நெபுலைசரில் ஊற்றும் சிறு பிளாஸ்டிக் குப்பி) லெவோசால்புட்டமால் 1.25 மி.கி.யும் இப்ராட்ரோப்பியம் 500 மைக்ரோகிராமும் இருக்கின்றன.

வீக்கத்தைக் குறைப்பவை கன்ட்ரோலர்கள். புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டுகள் இந்த வகை. இழுத்த உடனே ஒன்றும் தெரியாது, தினமும் எடுத்தால்தான் பலன். "இது சரியா வேலை செய்யலை சிஸ்டர்" என்று நிறுத்திவிடுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் நிறுத்துகிறார்கள். நீல நிற சால்புட்டமால் இன்ஹேலர் ஒன்றையே வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டிருப்பது ஆபத்து. உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, 2019 முதல் சால்புட்டமாலை மட்டும் தனியாக வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதைப் பரிந்துரைப்பதில்லை.

படி 3: நெபுலைசர் வைப்பது

நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். கப்பில் மருந்து மொத்தம் 3 முதல் 4 மி.லி. இருக்க வேண்டும். 2.5 மி.லி. ரெஸ்பியூல் மட்டும் ஊற்றினால் ஒரு பகுதி கப்பின் அடியிலேயே தங்கிவிடும், ஆர்டர்படி நார்மல் சலைன் சேர்த்து நிரப்புங்கள். ஆக்சிஜனில் ஓட்டினால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர். நெடுநாள் பீடி குடித்து சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வந்தவருக்கு முடிந்தவரை காற்று மெஷினில் வைத்து, ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். 99 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அவருக்கு அது அதிகம்.

மாஸ்க் முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும். மேலே இடைவெளி இருந்தால் இப்ராட்ரோப்பியம் கண்ணில் படும். கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கெடுதல், அவர்களுக்கு வாயில் வைக்கும் குழாய் நல்லது.

வைக்கும் முன்பே, "கை கொஞ்சம் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பாதியிலேயே கழற்றிவிடுவார்கள். அடுத்தடுத்து நெபுலைசர் போகும் நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறையும் என்பதை மறக்காதீர்கள். ஸ்டீராய்டும் ரிலீவரும் தனித்தனியே எழுதியிருந்தால் ரிலீவர் முதலில். ஸ்டீராய்டு முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி முகத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். எல்லாம் முடிந்து 15 நிமிடம் கழித்து, முதலில் எழுதிய அதே எண்களைத் திரும்பப் பாருங்கள்.

படி 4: இன்ஹேலரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்

கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் ஒரு பெரியவர் ஒரே மாதத்தில் மூன்று முறை இழுப்போடு வந்தார். "தவறாமல் மருந்து எடுக்கிறேன் சிஸ்டர்" என்றார். மூன்றாவது முறைதான் எனக்கு, "எடுக்கிற மாதிரியே எடுத்துக் காட்டுங்க ஐயா" என்று கேட்கத் தோன்றியது. சட்டைப் பையிலிருந்து கேப்சூலை எடுத்தார், சொம்புத் தண்ணீரை ஊற்றி விழுங்கினார். ரோட்டாஹேலரில் போட்டு இழுக்க வேண்டிய கேப்சூல் அது. முதல் இரண்டு முறையும் டிஸ்சார்ஜ் அட்டையில் கையெழுத்துப் போட்டவள் நான். அன்றிலிருந்து யாரையும் செய்து காட்டச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

ரோட்டாஹேலர் என்றால் கேப்சூலைப் பொருத்தித் திருகி, மூச்சை வெளியே விட்டு (கருவிக்குள் ஊதக் கூடாது, பவுடர் ஈரமாகிவிடும்), உதட்டை இறுக்கி வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். அழுத்தி அடிக்கும் பம்ப் வகைக்கு நேர் எதிர். குலுக்கி, மூச்சை விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்தி, 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த அடிக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, திரும்பக் குலுக்க வேண்டும். இந்த வேகமும் மெதுவும் மாறிப்போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஸ்பேசர் (பம்ப்பில் பொருத்தும் குடுவை) இல்லாமல் பம்ப் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே உலரவிடச் சொல்லுங்கள். துணியால் தேய்த்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பம்ப்பை வெயிலில் நிற்கும் டிராக்டர் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

படி 5: டெரிஃபிலின் என்றால் நிதானம்

டெரிஃபிலின், மூச்சுக்குழலைத் தளர்த்தும் தியோஃபிலின் வகை மருந்து. இந்த வகையில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நரம்பில் போட்டால் மெதுவாகத்தான் போட வேண்டும், வேகமாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாந்தி முதல் எச்சரிக்கை. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகள் சேர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். பீடி குடிப்பவர் வார்டில் படுத்துப் பீடியை நிறுத்தினாலும் ஏறும்.

படி 6: அலர்ஜி மாத்திரைகள்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவில், சிபிஎம் (குளோர்ஃபெனிரமைன்) பழைய வகை. நன்றாகத் தூக்கம் வரும், பிராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாக்களுக்குச் சிறுநீர் அடைக்கும். செட்டிரிசினில் தூக்கம் குறைவு, ஆனாலும் உண்டு. அறுப்பு மெஷின் ஓட்டுபவருக்கு இரவு மாத்திரையாகச் சொல்லுங்கள். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் சரியாகச் சேராது, தண்ணீர்தான். மான்டெலுகாஸ்ட் எடுக்கும் பிள்ளையிடம் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு இருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். இதற்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மூக்கடைப்புச் சொட்டு மருந்து ஒரு வாரத்தைத் தாண்டினால் அதுவே மூக்கை அடைக்கும்.

கடையில் வாங்கிய இருமல் சிரப்பைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த சிரப் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததை அம்மாக்களிடம் சொல்லுங்கள். 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி சிரப் கொடுக்கவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது.

படி 7: கதண்டு கொட்டி வருபவருக்கு முதல் மருந்து அட்ரினலின்

தென்னையிலோ பனையிலோ கூடு கலைந்து கதண்டு (பெரிய குளவி) கொட்டியவரைத் தூக்கி வருவார்கள். உடம்பெல்லாம் தடிப்பு. அதோடு உதடும் நாக்கும் வீங்கி, குரல் மாறி, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் இறங்கினால் அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. இங்கே பல இடங்களில் கை தானாக அவிலுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் போவதைப் பார்த்திருக்கிறேன். அவில் அரிப்பைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டு, பலன் தர மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து வைப்பது அட்ரினலின்தான்.

1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூல். நிறம் பழுப்பாக மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள். பெரியவர்களுக்கு அரை மி.லி., அதாவது 0.5 மி.கி., தொடையின் வெளிப்புற நடுவில், தசையில். 6 முதல் 12 வயதுக்கு 0.3 மி.லி., அதற்குக் கீழ் 0.15 மி.லி. 1 மி.லி. சிரிஞ்ச் எடுங்கள். அவசரத்தில் இன்சுலின் சிரிஞ்ச் கைக்கு வரும். அதன் ஊசி குட்டை, தசையைத் தொடாது, கோடுகளும் யூனிட் கணக்கு. இந்த ஆம்பூலை அப்படியே நரம்பில் ஒருபோதும் ஏற்றக் கூடாது.

படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரலாம், கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் சாய்த்து. எழுந்து நடக்க விடாதீர்கள், சட்டென்று எழுந்தவர்கள் அப்படியே சரிந்து போவதுண்டு. ஆக்சிஜன், சலைன், கூப்பிட்ட டாக்டர் எல்லாம் பின்னாலேயே வரட்டும். 5 நிமிடத்தில் தேறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை.

தேறியவர், "சரியாயிடுச்சு சிஸ்டர், வீட்டுக்குப் போறேன்" என்பார். அனுப்பாதீர்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்று கூட வந்தவரிடம் சொல்லி, கண் படும் கட்டிலில் வையுங்கள். ஊசி போட்ட நேரத்தை நிமிடத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்த ட்யூட்டிக்கு வரும் சிஸ்டர் அதைப் பார்த்துத்தான் அடுத்த கணக்கைத் தொடங்குவார்.