எஸ்யூவியிடம் தோற்கும் செடான்: எங்கே பிசகுகிறது கணக்கு?

சிக்னலில் இரண்டு வண்டிகள். ஒன்று தரையோடு ஒட்டின செடான்: அகல டயர், சிவப்பு பிரேக் காலிப்பர், பின்னால் இரட்டை எக்ஸாஸ்ட். பக்கத்தில், குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பின தோரணையில் ஓர் எஸ்யூவி. பச்சை விழுந்த மூன்றாவது நொடியில் செடான்காரர் கண்ணுக்குத் தெரிவது எஸ்யூவியின் பின்விளக்கு.

அதற்கப்புறம் காரணங்கள் வரிசைகட்டும். "அவன் முன்னாடியே எடுத்துட்டான்", "ரோடு சரியில்ல", "என் வண்டில நாலு பேர் இருந்தோம்". இவற்றில் ஒன்றிரண்டு உண்மையாகக்கூட இருக்கும். ஆனால் பெரும்பாலும் பந்தயம் தொடங்குவதற்கு முன்பே கணக்குத் தப்பாகியிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் ஓராண்டு, 10,000 என்று ஏறும். ஈசிஆரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடக்கும் கூத்துக்கு இங்கே யோசனை எதுவும் கிடையாது. இருங்காட்டுக்கோட்டை மாதிரி மூடிய டிராக்கில் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும், யூடியூபில் டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிறவர்களுக்கும்தான் இது.

பவரைப் பார்த்து, பிடிமானத்தை மறப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். இதைப் புரியவைக்க அமெரிக்காவில் ஒரு நல்ல ஜோடி உண்டு: டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் செடானும், ஜீப் கிராண்ட் செரோக்கி டிராக்ஹாக் எஸ்யூவியும். இரண்டிலும் அதே 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு வி8 இன்ஜின், அதே 707 ஹார்ஸ்பவர், அதே 8 கியர் ஆட்டோமேட்டிக் வகை. எடை மட்டும் வேறு. சார்ஜர் ஏறக்குறைய 2,070 கிலோ, டிராக்ஹாக் 2,430 கிலோவுக்குப் பக்கம். அதாவது ஜீப் எந்நேரமும் ஐந்து ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. காற்றைக் கிழிக்க வேண்டிய முகமும் பெரிசு.

காகிதத்தில் செடான்தான் ஜெயிக்க வேண்டும். பசை தெளித்துத் தயார் செய்த டிராக்கில் ஜெயிக்கவும் செய்கிறது: கால் மைல், அதாவது 402 மீட்டரை சார்ஜர் 11.0 நொடியில் முடிக்கும் என்றும், டிராக்ஹாக் 11.6 எடுக்கும் என்றும் கம்பெனிகளே சொன்னார்கள். சாதாரணத் தார்ச்சாலைக்கு வாருங்கள், கதை மாறிவிடும். ஜீப் அந்த 707-ஐ நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது. சார்ஜர் அத்தனையையும் பின்னால் இருக்கும் இரண்டு சக்கரத்தின் தலையில் கட்டுகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நல்ல தாருக்கு இது நியாயமான எண். நான்கு சக்கரமும் தள்ளினால் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 பங்கு வரை கிடைக்கும். பின் சக்கரம் மட்டும் தள்ளும் செடானில், வண்டி கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதையும் சேர்த்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட 0.5 பங்குதான். இந்த எல்லையிலேயே ஓட்டினால் 0-60 கிமீ வேகத்துக்குச் செடான் 3.4 நொடி எடுக்கும். எஸ்யூவிக்கு 2 நொடிகூட வேண்டாம். நிஜத்தில் இடைவெளி இவ்வளவு பெரிசாக இருக்காது, டயருக்கு டயர் மாறும். ஆனால் இந்தக் கணக்கில் ஹார்ஸ்பவர் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 707 இருந்தாலும் சரி, 1,000 இருந்தாலும் சரி, டயர் பிடிக்கிற அளவுக்கு மேல் உள்ளதெல்லாம் புகைதான்.

முன் சக்கரம் தள்ளும் வண்டிக்கு நிலைமை இன்னும் சங்கடம். கிளம்பும்போது மூக்கு தூக்கும். எடை பின்னால் ஓடும். தள்ள வேண்டிய முன் டயர்கள் அந்த நேரம் பார்த்து லேசாகிவிடும். நம் ஊரில் துள்ளலான செடான் என்று பெயர் வாங்கியவை பெரும்பாலும் இந்த ரகம்: விர்ட்டஸ் ஜிடி, வெர்னா டர்போ, ஆக்டேவியா ஆர்எஸ். 2025-ல் வந்த ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்கு 265 பிஎஸ் (ஹார்ஸ்பவர் மாதிரியே பவரின் அளவு), 370 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 0-100 கிமீ 6.4 நொடி என்கிறது ஸ்கோடா. அதே ஆண்டு வந்த மின் எஸ்யூவியான டாடா ஹாரியர் இவி, முன்னால் ஒரு மோட்டார் பின்னால் ஒரு மோட்டார் வைத்த வேரியன்ட், 6.3 நொடி என்கிறது டாடா. வந்தபோது முன்னது ஏறக்குறைய 50 லட்சம், பின்னது 29 லட்சத்துக்குப் பக்கம். ஆர்எஸ் வாங்கியவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். வளைவுகள் வரட்டும், ஹாரியரைக் கதறவிடலாம். ஆனால் சிக்னலில் வளைவு கிடையாது.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் வசதி) அணைத்துவிட்டு முறுக்குவது. வீடியோவுக்கு நன்றாக இருக்கும். டயர் லேசாக, பத்துப் பதினைந்து சதவீதம் வழுக்கும்போதுதான் அதன் பிடி உச்சத்தில் இருக்கும்; முழுசாகச் சுழன்றால் பிடி இறங்கிவிடும். லாஞ்ச் கன்ட்ரோல் (கிளம்பும்போது பவரைத் தானே அளந்து கொடுக்கும் வசதி) இருந்தால் அதை உபயோகியுங்கள். இல்லையென்றால் ஆக்ஸிலரேட்டரைப் பாதியில் தொடங்கி, டயர் கடித்த பிறகு முழுசாக அழுத்துங்கள். டிராக் ரேஸ்காரர்கள் முதல் 60 அடியை, அதாவது 18 மீட்டரை, தனியாக அளப்பது சும்மா இல்லை: அங்கே பத்தில் ஒரு பங்கு நொடி மிச்சம் பிடித்தால் கோட்டில் அதைவிடக் கூடுதலாகவே கைக்கு வரும்.

உச்சத்தில் இருக்கும் எண்ணை நம்புவது

பிஎஸ் என்று பிரசுரத்தில் போடுவது இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் தரும் உச்சம். ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோலில் 121 பிஎஸ் வருவது 6,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி). 145 நியூட்டன் மீட்டர் டார்க் வருவதற்கே 4,300 வேண்டும். மஹிந்திராவின் எக்ஸ்யூவி700 எஸ்யூவி டர்போ பெட்ரோலில் 380 நியூட்டன் மீட்டர் 1,750-லேயே வந்து நிற்கிறது. சிட்டிக்காரர் இன்ஜினைக் கத்தவைத்து மேலே ஏற்றுவதற்குள் மஹிந்திரா கிளம்பிப் போயிருக்கும். எக்ஸாஸ்ட் மாற்றினால் சத்தம் கூடும். மற்றதெல்லாம் பெரும்பாலும் காதுக்குத்தான்.

மேனுவல் கியர்பாக்ஸ் இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளட்ச் நேரம் போகும். பெரும்பாலான மின்வண்டிகளில் மாற்றவே கியர் கிடையாது. பெரிய அலாய் சக்கரம் போட்டவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சக்கரத்தின் மொத்த விட்டம் கூடினால் கியர் நீளமானது மாதிரிதான், இழுவை குறையும். கூடவே எடையும் சேரும்.

எந்தத் தூரம், எந்த வேகம் என்று கேட்காமல் பேசுவது

நின்ற இடத்திலிருந்து தொடங்கும் பந்தயமும் ஓடிக்கொண்டே தொடங்கும் பந்தயமும் வேறு வேறு. 80 கிமீயில் பக்கம் பக்கமாகப் போய் ஒன்றாக அழுத்தினால் பிடிமானப் பிரச்சினை பெருமளவு போய்விடும்; அங்கே எடையும் காற்றும்தான் பேசும். காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். அதே டாட்ஜ்-ஜீப் ஜோடியைப் பாருங்கள்: ஒரே 707 ஹார்ஸ்பவர், ஆனால் உச்ச வேகம் சார்ஜருக்கு மணிக்கு 328 கிமீ, ஜீப்புக்கு 290.

2023-ல் டெஸ்லா ஒரு வீடியோ போட்டது. அதன் மின் டிரக்கான சைபர்டிரக், பின்னால் ஒரு போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரை இழுத்துக்கொண்டே, பக்கத்தில் ஓடும் இன்னொரு 911-ஐ முந்துகிறது. உலகமே வாய் பிளந்தது. பிறகு பார்த்தால், ஓட்டிய தூரம் கால் மைல் அல்ல, அதில் பாதி. போர்ஷே எட்டிப்பிடிக்கிற நேரத்தில் கோடு போட்டுவிட்டார்கள்.

0-100 எண்களை ஒப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்கப் பத்திரிகைகள் வண்டி முதல் 30 சென்டிமீட்டர் நகர்ந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்குவது வழக்கம். இதிலேயே 0.2 நொடிக்கு மேல் குறைந்துவிடும். அந்த எண்ணை இங்கே நின்ற இடத்திலிருந்து அளந்த எண்ணோடு வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை.

"முன்னாடியே எடுத்துட்டான்" என்ற புகாருக்கும் இங்கேதான் இடம். டிராக்கில் உங்கள் வண்டி நகர்ந்த பிறகுதான் உங்கள் நேரம் ஓடத் தொடங்கும். விளக்கைப் பார்த்துக் கால் அழுத்த நீங்கள் எடுத்த நேரம் டிராக்கில் தரும் நேரச் சீட்டில் சேராது. அதனால் குறைந்த நேரத்தில் முடித்தவர் தோற்பதும், கூடுதல் நேரம் எடுத்தவர் முதலில் கோட்டைத் தொடுவதும் நடக்கும். எஸ்யூவிக்காரர் அரை நொடி முந்தி அழுத்தியிருந்தால் அவர் வண்டி வேகமானது என்று அர்த்தமில்லை. தோல்வி தோல்விதான், அது வேறு விஷயம்.

வெயிலையும் உயரத்தையும் கணக்கில் எடுக்காதது

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி; சூப்பர்சார்ஜரும் இந்த வேலைக்குத்தான்) இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து சதவீத பவரை இழக்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல்; அங்கே சிட்டியின் 121-ல் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போயிருக்கும். டர்போ இதைப் பெருமளவு ஈடுகட்டும், மின்மோட்டாருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் டர்போவும் சூப்பர்சார்ஜரும் வெயிலில் வாடும். சித்திரை மாதத்துச் சென்னையில் அடுத்தடுத்து மூன்று தடவை ஓட்டினால் உள்ளே போகும் காற்று சூடாகி, கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைக்கும். டாட்ஜ் தன் சேலஞ்சர் டீமனில் ஏசி குளிர்ச்சியையே இன்ஜின் காற்றைக் குளிர்விக்கத் திருப்பிவிட்டது இதற்காகத்தான்.

பேட்டரி வண்டியும் அலுக்கும். சார்ஜ் இறங்க இறங்க, பேட்டரி சூடாகச் சூடாக, உச்ச பவர் குறையும். ஆகவே டிராக்கில் மறுபடி மோத வேண்டும் என்று தோன்றினால், நின்று தொடங்காமல் 80 கிமீயிலிருந்து வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தூரத்தைக் கால் மைலுக்குக் குறைய விடாதீர்கள். எதிரே நிற்பது மின் எஸ்யூவி என்றால் பேட்டரி எத்தனை சதவீதம் என்றும் பேச்சுவாக்கில் விசாரியுங்கள். 30 என்றால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள்.