பகலில் பட்டினி, இரவில் மாமாக் கடை: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் கவனிக்க

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு ராத்திரிப் பசி ஒரு கவலையே இல்லை. நள்ளிரவு தாண்டியும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் (நம்ம பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) கிடைக்கும். சில மாதத்தில் உடம்பு போடுவதும், வீடியோ காலில் அம்மா "என்னடி, இப்படி ஊதிட்டே?" என்பதும் சகஜம். அதற்குப் பயந்து காலையும் மதியமும் சாப்பிடாமல் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பகலெல்லாம் காய்ந்த வயிறு இரவில் சும்மா இருக்காது. நிறுத்த முடியாமல் அள்ளித் தின்பது, அப்புறம் குற்ற உணர்ச்சி, அதை ஈடுகட்ட வாந்தியோ பேதி மாத்திரையோ, மறுநாள் மறுபடியும் பட்டினி. உடம்பின் அளவை வைத்தே தன்னை எடைபோடும் ஒருவருக்கு இது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், மருத்துவர்கள் புலிமியா நெர்வோசா என்பார்கள். லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸல் 1979-இல் விவரித்த நோய் இது.

எடை பெரும்பாலும் சராசரியாகவே இருப்பதால் கூடத் தங்கியிருப்பவருக்கே தெரியாது. விரதம் என்று சொல்லிவிட்டால் நம்மவர்கள் யாரும் கேள்வியும் கேட்கமாட்டார்கள். கன்னத்தோர வீக்கம், பல் எனாமல் தேய்வது, ஆறாத தொண்டை வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மயங்கி விழுந்தால் உடனே 999.

இதற்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. சிறுவயதில் உடம்பைக் கேலி செய்தது, கொடுமைக்கு ஆளானது, மனச்சோர்வு, பதற்றம், எதிலும் குறையே இருக்கக்கூடாது என்ற பிடிவாதம் ஆகியவையும் சேரும். இளம்பெண்களிடம் அதிகம், ஆண்களுக்கும் வரும். ஊர்விட்டு வந்த தனிமை இதையெல்லாம் கிளறிவிடும். ஆனால் பலருக்குத் தொடக்கம் கடுமையான டயட்தான். ஆன்லைனில் விற்கும் 'ஸ்லிம்மிங்' காப்பி பக்கமும் போகாதீர்கள். இதயத்துக்கு ஆபத்தான சிபுட்ராமின் கலந்த சரக்கு இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சரி, யாரிடம் போவது? பக்கத்து கிளினிக்கோ அரசாங்க கிளினிக் கேசிஹாத்தானோ போதும். அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், ஆகவே காப்பீட்டில் மனநலம் அடங்குமா என்று முன்பே கேளுங்கள். முதலில் பேசிப் பார்க்க, சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) என்ற மனநல உதவி எண் 15555 இருக்கிறது. சிபிடி என்ற பேச்சு சிகிச்சையில் வேளாவேளைக்குச் சாப்பிடப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் ஃபுளுவாக்செட்டின் மாத்திரையும் உண்டு.

அறைத்தோழிக்கு இப்படி இருக்குமோ என்று தோன்றினால் அவள் தட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவேண்டாம். "டாக்டர்கிட்ட நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள்.